சிலேட்டுக் கமிட்டி

ஆலங்கொல்லை நெல் கொள்முதல் நிலையத்தில் ஒரு குறையும் கிடையாது. தராசு இருந்தது. தூற்றுகிற மிஷின் இருந்தது. ஈரப்பதம் பார்க்கிற கருவி பிளாஸ்டிக் உறைகூடப் பிரிக்காமல் புத்தம் புதிதாக இருந்தது. சாக்கு கட்டுக் கட்டாகக் கிடந்தது. அந்தக் கட்டுகளின் மேல் லோடுமேன்கள் கிடந்தார்கள். நெல் வாங்குவதற்கென்றே சம்பளம் வாங்குகிற பட்டியல் எழுத்தர் சிங்காரவேலு, மின்விசிறிக்கு நேர் கீழே நாற்காலியைப் போட்டுக்கொண்டு செல்போனில் மிட்டாய் உடைத்து விளையாடிக்கொண்டிருந்தார். நெல்லை மட்டும் வாங்க முடியாது என்றார்.

"ஏன் முடியாது?" என்று கேட்டார் பஞ்சநதம். குத்தகை நிலத்தில் தாளடி நெல் நட்டு, கடைமடைக்குத் தண்ணீர் வருமா வராதா என்று வாய்க்கால் கரையிலேயே குடியிருந்து, விளைந்ததை மிஷின் விட்டு அறுத்து, டிராக்டரில் ஏற்றிவந்து, நிலையத்துக்கு எதிரே திறந்தவெளியில் குவித்துவிட்டு வந்து நிற்கிற மனுஷனுக்கு அப்படி ஒரு சந்தேகம் வரத்தானே செய்யும்.

"சிலேட்டு வரலண்ணே," என்றார் சிங்காரவேலு, தலையை நிமிர்த்தாமல்.

"எந்தப் பள்ளிக்கூடத்துக்கு?"

"அய்ய, அந்தச் சிலேட்டு இல்லண்ணே. டேப்லெட்டு. இனிமே நோட்டுல எழுதக் கூடாதுன்னு உத்தரவு. எல்லாத்தையும் அதுலதான் ஏத்தணும். எந்த டேப்லெட்டு வாங்குறதுன்னு தஞ்சாவூர்ல கமிட்டி போட்டிருக்காங்க. வெல கம்மியாவும் இருக்கணுமாம், நல்லாவும் இருக்கணுமாம். அவங்க ஒப்பிட்டுப் பாத்து, இதான்னு முடிவு பண்ணி, ஆப்பெல்லாம் ஏத்தி, அது இங்க வந்து சேந்தப்பறம் நெல்லு எடுப்போம்."

"அதுவரைக்கும் என் நெல்லு?"

"அது பாட்டுக்குக் கெடக்கும். மாசி மாசம்ணே. மழையா வரப்போவுது?"

பஞ்சநதத்துக்குச் சுர்ரென்று ஏறியது. நனைந்த நெல்லை நிலையத்தில் தொட மாட்டார்கள் என்பது ஊருக்கே தெரியும். வெளி வியாபாரியோ, நிலையம் திறக்கவில்லை என்று தெரிந்ததுமே அடிமாட்டு விலைக்குக் கேட்க ஆரம்பித்திருந்தான். வீட்டுக்குத் திருப்பிக் கொண்டுபோகலாம் என்றால் வீட்டில் இருப்பதே ஒரு கூடம்தான். அவர் சிங்காரவேலுவையும், அவருக்கு மேலே உள்ளவர்களையும், அவர்களுக்கு மேலே சுற்றிக்கொண்டிருந்த மின்விசிறியையும் சேர்த்து வாய்க்கு வந்தபடி வாங்கு வாங்கென்று வாங்கினார். சாக்குக் கட்டின் மேல் தூங்கிக்கொண்டிருந்த லோடுமேன் ஒருவர் எழுந்து உட்கார்ந்து கேட்டார்.

சிங்காரவேலு கோபப்படவில்லை. அவர் முகம் மலர்ந்தது. "இந்த வாயி இங்க வீணாப் போவுதேண்ணே! அந்தக் கமிட்டியில விவசாயி ஒருத்தர் கட்டாயம் இருக்கணுமாம். பேரு கேட்டு தெனம் போனு பண்றாங்க. நான் உங்க பேரச் சொல்லிடுறேன். நீங்களே போயி சீக்கிரமா முடிச்சுக் குடுத்துடுங்க."

இப்படித்தான் பஞ்சநதம், நெல் கொள்முதல் நவீனமயமாக்கல் முகமையின் கையடக்கக் கருவி ஒப்பீட்டுக் குழுவில் பயனாளிகளின் பிரதிநிதியானார். அவரிடம் இருந்தது பொத்தான் போன். அதில் வருகிற அழைப்பை எடுக்கத் தெரியும், வைக்கத் தெரியும்.

அவர் மனைவி ஈஸ்வரி நெல்லுக்குப் பக்கத்திலேயே குடையை நட்டுக்கொண்டு காவலுக்கு உட்கார்ந்துவிட்டாள். "போயி எதையாவது ஒண்ணக் காட்டி, இதான்னு சொல்லிட்டு வாங்க," என்றாள். "சந்தையில கத்திரிக்காயக்கூட நாலு பொரட்டுப் பொரட்டினா எடுத்துடலாம். இதுக்குப் போயி கமிட்டியாம், கிமிட்டியாம்."

தஞ்சாவூர் அலுவலகத்தில் குளிர் போட்ட அறை. நீள மேஜை. வெள்ளைத் துணி விரித்து அதன் மேல் மூன்று டேப்லெட்டுகளைப் பெண் பார்க்கிற வீட்டில் தட்டு வைப்பது போல வரிசையாக வைத்திருந்தார்கள். ஒன்றுக்குக் கறுப்பு உறை, ஒன்றுக்கு நீலம், ஒன்றுக்குச் சிவப்பு. மூன்றையும் மாதிரிக்காகக் கொண்டுவந்திருந்தவர் பழைய பேருந்து நிலையத்துப் பக்கம் செல்போன் கடை வைத்திருக்கிற ஜாஃபர் சாதிக். அவர் ஒரு மூலையில் கையைக் கட்டிக்கொண்டு கல்யாண வீட்டுச் சமையல்காரர் மாதிரி நின்றுகொண்டிருந்தார்.

குழுவின் தலைவர் பரணிதரன். முகமையின் தலைமை ஒருங்கிணைப்பாளர். பஞ்சநதத்துக்கு முதலில் பொன்னாடை போர்த்தி, படம் எடுத்து, பிறகு எழுந்து பேசினார்.

"இது ஏதோ கடையில வாங்குற சாமான்னு நெனச்சுடாதீங்க. விவசாயிக்கும் அவரோட நெல்லுக்கும் நடுவுல நிக்கப் போற கருவி. இத்தன வருஷமா விவசாயிக்கும் நெல்லுக்கும் நடுவுல நாமதான் நின்னோம். நமக்கும் வயசாவுது. இனிமே அந்தப் பொறுப்ப இது ஏத்துக்கும்."

எல்லாரும் கைதட்டினார்கள். பஞ்சநதமும் தட்டினார், பொன்னாடை நழுவியது.

"ஐயா, எதை எடுத்தாலும் எனக்குச் சம்மதம்," என்று அவர் ஆரம்பித்தார். "இந்தச் செவப்பே நல்லாருக்கு—"

"பொறுங்க, பொறுங்க." எழுந்தவர் சொல்லாக்க அலுவலர் இளஞ்செழியன். பொருள்களுக்குத் தமிழில் பெயர் வைப்பது அவர் வேலை. "பேரே வைக்காம ஒப்பிட்டா, எதை ஒப்பிட்டீங்கன்னு நாளைக்கு ஒருத்தன் கேப்பான். என்ன பதில் சொல்றது?"

அன்றைய பொழுது பெயருக்கே போயிற்று. மாத்திரை என்று வைத்தால் சுகாதாரத் துறைக்காரர்கள் தங்களுடையது என்று கேட்பார்கள். வில்லை என்றால் சோப்பு ஞாபகம் வருகிறது. தட்டு என்றால் தலைவருக்குப் பசி ஞாபகம் வருகிறது என்று அவரே சொன்னார். அதோடு சாப்பாட்டுக்குக் கலைந்தார்கள். சாப்பிட்டுவிட்டு வந்து, கையில் ஏந்துவதால் 'ஏந்துபலகை' என்று தீர்மானமாயிற்று.

"எங்க ஊர்ல சிலேட்டும்பாங்க சார்," என்றார் பஞ்சநதம். இளஞ்செழியன் அவரை இரக்கத்தோடு பார்த்துவிட்டு, நாட்டார் வழக்கு என்று குறித்துக்கொண்டார்.

அதற்குப் பிறகு சோதனைகள். பாட்டரி எவ்வளவு நேரம் நிற்கும் என்று பார்க்க, மூன்று பலகையிலும் ஒரே சினிமாவை ஓடவிட்டார்கள். பாட்டரி தீர்கிறவரை குழு அசையாமல் உட்கார்ந்து பார்த்தது. கதாநாயகி சாகிற இடத்தில் எந்தப் பலகையில் அழுகைச் சத்தம் தெளிவாகக் கேட்டது என்பதில் கருத்து வேறுபாடு வந்துவிட்டது. மறுநாள் மறுபடி போட்டுப் பார்த்தார்கள். தலைவர் மறுபடியும் அழுதார்.

வெயிலில் எழுத்து தெரிகிறதா என்றும் பார்க்க வேண்டியிருந்தது. ஆனால் வெளியே வெயிலாக இருந்தது. ஆகவே அறைக்குள்ளேயே மேஜை விளக்கைக் கொண்டுவந்து, பியூனை விட்டு மேலே தூக்கிப் பிடிக்கச் சொல்லி, அதைச் சூரியன் என்று வைத்துக்கொண்டார்கள். சூரியனுக்குக் கை வலித்தபோதெல்லாம் இடைவேளை விட்டார்கள்.

சேற்றுக் கையோடு தொட்டால் வேலை செய்யுமா என்று பார்க்கப் பஞ்சநதத்தையே வயல் சேறு கொண்டுவரச் சொன்னார்கள். பாவம், அவரும் ஒரு வாளியில் அள்ளி, பேருந்தில் நடத்துநரிடம் திட்டு வாங்கிக்கொண்டு கொண்டுபோனார். செயலிப் பிரிவைக் கவனிக்கிற விஜயலட்சுமி மேடம் வாளியை எட்டிப் பார்த்துவிட்டு மூக்கைப் பொத்திக்கொண்டார்.

"ஏங்க, கொஞ்சம் சுத்தமான சேறாக் கெடைக்காதா?"

ஒவ்வொரு நாளும் பஞ்சநதம் சாயங்காலம் ஊருக்குத் திரும்பி நெல்லுக்குப் பக்கத்தில் நிற்பார். ஈஸ்வரி முகத்தைப் பார்ப்பாள். "நாளைக்கு முடிஞ்சிடும்," என்பார் இவர். அப்படிச் சொல்லச் சொல்ல அவருக்கே தன் மேல் வெறுப்பாக இருந்தது. இத்தனை நாள் அந்தக் குளிர் அறையில் உட்கார்ந்து முறுக்கு தின்றுவிட்டு வருகிறோமே, நாமும் அவர்களில் ஒருவன் ஆகிவிட்டோமோ என்று பயந்தார்.

மேற்கே மேகம் கட்ட ஆரம்பித்த அன்று, அலுவலகத்து வாசல் டீக்கடையில் ஜாஃபர் சாதிக்கைப் பிடித்துக்கொண்டார்.

"பாய், நீங்க யாவாரி. உங்களுக்குத் தெரியும். மூணுல எது நல்லதுன்னு சொல்லிடுங்க. நான் சண்டை போட்டாவது இன்னைக்கு முடிச்சுடுறேன்."

ஜாஃபர் சாதிக் சுற்றும் முற்றும் பார்த்தார். "மூணும் ஒண்ணுதாண்ணே."

"தரம் ஒண்ணுங்கிறீங்களா?"

"தரமா? பொருளே ஒண்ணுதான். ஒரே கம்பெனி, ஒரே பெட்டியில வந்துச்சு. ஒப்பிடுறதுக்கு மூணு வேணும்னாங்க. எங்கிட்ட இருந்தது இது ஒண்ணுதான். உறைய மட்டும் மாத்தி மாத்திப் போட்டுக் குடுத்துட்டேன்."

"அடப்பாவி மனுஷா! சொல்லித் தொலைச்சிருக்கக் கூடாதா?"

"யாரும் கேக்கலையேண்ணே. அவங்கதான் பேசிக்கிட்டே இருக்காங்களே, நான் எங்க நடுவுல பூந்து சொல்றது?" என்றபடி டீயை உறிஞ்சினார்.

பஞ்சநதம் டீயைக் குடிக்காமலே உள்ளே ஓடினார். மூன்று உறைகளையும் தன் கையால் உரித்துப் போட்டார். மூன்றும் உரித்த வாழைப்பழம் போல ஒரே மாதிரி கிடந்தன. "பாருங்க சார்! மூணும் ஒண்ணு! இதுல எதை ஒப்பிடுறது? ஒண்ண எடுத்துக் குடுங்க, நெலையத்தத் தெறங்க!"

குழுவினர் கையிலிருந்த மதிப்பெண் தாளைப் பார்த்தார்கள். அதற்குள் சிவப்புக்கு முதலிடம் என்றும், நீலம் பரவாயில்லை என்றும், கறுப்பு கிராமப்புறத்துக்கு லாயக்கற்றது என்றும் மதிப்பெண் போட்டு முடித்திருந்தார்கள். பரணிதரன் எழுந்தார். அவர் முகத்தில் வெட்கம் இருக்கும் என்று பஞ்சநதம் எதிர்பார்த்தார். இருந்தது பெருமை.

"இத நீங்க எல்லாரும் நல்லா யோசிக்கணும். வித்தியாசம் இருக்குற பொருள்ல வித்தியாசத்தக் கண்டுபிடிக்கிறது யாரு வேணும்னாலும் செய்வாங்க. ஒண்ணா இருக்குற பொருள்லயே நாம வித்தியாசம் கண்டுபிடிச்சிருக்கோம்! நம்ம முறை எவ்வளவு நுட்பமானதுன்னு இப்பத்தான் எனக்கே புரியுது."

எல்லாரும் கைதட்டினார்கள். சிவப்பு வெற்றி பெற்றதாக அறிவிக்கப்பட்டது. எது சிவப்பாக இருந்தது என்று இப்போது யாருக்கும் தெரியாததால், ஒன்றை எடுத்து அதற்குச் சிவப்பு உறையை மாட்டினார்கள்.

சரி, எப்படியோ ஒழிந்தது, ஒரு பலகை கிடைத்துவிட்டது என்று பஞ்சநதம் மூச்சு விடுவதற்குள் விஜயலட்சுமி மேடம் தொண்டையைச் செருமினார்.

"பலகைங்கிறது வெறும் உடம்பு. செயலிதான் உயிரு. பயனுள்ள செயலி எதெது போடணும்னு இப்பப் பேசுவோம்."

"நெல்லு எடுக்குற ஆப்பு போடுங்க மேடம், போதும்," என்றார் பஞ்சநதம்.

"ஆப்பு இல்லை, செயலி," என்று திருத்தினார் இளஞ்செழியன்.

"உங்களுக்குச் செயலி சார். எங்களுக்கு ஆப்புதான்."

தலைவர், நடந்த காலடிகளை எண்ணுகிற செயலி ஒன்று அவசியம் என்றார். பேசுவதற்குத் தவிர அவர் நாற்காலியை விட்டு எழுந்து யாரும் பார்த்ததில்லை. ஆனால் கையை ஆட்டினாலே அது எண்ணிக்கொள்கிறது என்று ஆட்டிக் காட்டினார். இளஞ்செழியன் தன் சொற்கள் அடங்கிய அகராதியைப் போடச் சொன்னார். ராகுகாலத்தில் நெல் எடுத்துவிடக் கூடாது என்று பஞ்சாங்கம் வந்தது. தினமும் எழுந்ததும் மேலதிகாரிக்கு ரோஜாப்பூவோடு காலை வணக்கம் அனுப்புவதற்கு ஒரு செயலி வந்தது. அதை ஒருமனதாக ஏற்றார்கள். ரத்த அழுத்தம், ராசிபலன், சமையல் குறிப்பு, அத்தனையும் ஏறின. கடைசியில் நெல் கொள்முதல் செயலியை ஏற்றப் போனால் பலகையில் இடம் இல்லை.

"எதையாவது ஒண்ண எடுத்துடலாமா?" என்றார் விஜயலட்சுமி.

யாரும் யாருடையதையும் விட்டுக்கொடுக்கவில்லை. ஆகவே கொள்முதல் செயலியைச் சுருக்கினார்கள். எடை போடுகிற பகுதி பெரிதாக இருந்ததால் அதை எடுத்துவிட்டார்கள். படம் எடுக்கிற பகுதியை வைத்துக்கொண்டார்கள்.

அப்போதுதான் பஞ்சநதத்தின் பொத்தான் போன் அலறியது. ஈஸ்வரி.

"என்னங்க, மானம் கும்முனு இருட்டிக்கிட்டு வருது. காத்து தூக்குது. நெலையத்துல தார்ப்பாய் அடுக்கி வச்சிருக்காங்க, கேட்டா அந்தாளு தர மாட்டேங்குறாரு. நீங்க பெரியவங்ககிட்ட ஒரு வார்த்த சொல்லுங்க!"

பஞ்சநதம் சொன்னார். கைகூப்பித்தான் சொன்னார். பரணிதரன் நிதானமாகக் கேட்டுக்கொண்டார்.

"தார்ப்பாய் குடுக்கலாம், தப்பில்ல. ஆனா யாருக்குக் குடுத்தோம்னு செயலியில பதியணும். செயலி இருக்குற பலகை இன்னும் அங்க போவல. பலகை போவணும்னா நாம முடிவு பண்ணணும். முடிவு பண்ண விடாம நீங்க நடுவுல தார்ப்பாயப் பத்திப் பேசுறீங்க."

"ஆலங்கொல்லையில மழையே இல்லைங்க," என்று பலகையைத் திருப்பிக் காட்டினார் விஜயலட்சுமி. "வானிலைச் செயலியப் பாருங்க. தெளிந்த வானம். சூரியன் சிரிக்குது பாருங்க, கண்ணாடி போட்டுக்கிட்டு."

ஜன்னலுக்கு வெளியே பளீரென்று மின்னி இடித்தது. மின்னல் வெளிச்சத்தில் திரை சரியாகத் தெரியவில்லை என்றார் இளஞ்செழியன். பியூன் எழுந்துபோய் ஜன்னல் திரையை இழுத்து மூடினார். இப்போது சூரியன் நன்றாகத் தெரிந்தது.

பஞ்சநதம் மேஜையில் ஓங்கி அடித்தார். பலகை ஒரு துள்ளுத் துள்ளி விழுந்தது.

"யோவ், அங்க என் நெல்லு நனையுதுய்யா! நனைஞ்சா ஈரம்னு தள்ளுவீங்க. காயவச்சா கறுத்துருச்சும்பீங்க. கறுத்தத எவன் வாங்குவான்? நானும் என் பொஞ்சாதியும் நாத்து விட்ட நாள்லேர்ந்து நிம்மதியா ஒரு வாய் சோறு திங்கல. ஒரு தார்ப்பாய் குடுங்க சார். ஒண்ணே ஒண்ணு. கறுப்போ செவப்போ, நான் ஒப்பிட மாட்டேன்!"

அவர் குரல் உடைந்துவிட்டது. கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. அறையில் எல்லாரும் நெகிழ்ந்துபோனார்கள். விஜயலட்சுமி பலகையைத் தூக்கி அவர் முகத்துக்கு நேராகப் பிடித்திருந்தார்.

"அருமை. பயனாளி பின்னூட்டம்னு இதப் போட்டுடலாம். அந்தக் கடைசி வரிய மட்டும் இதப் பாத்து இன்னொரு தடவ சொல்றீங்களா?"

பஞ்சநதம் அவர்களைப் பார்த்தார். ஒருவர் முகத்திலும் கெட்ட எண்ணம் கிடையாது. அதுதான் அவருக்குத் தாங்கவில்லை. தினமும் துண்டு மாதிரி தோளில் போட்டுவந்த பொன்னாடையை உருவி மேஜையில் எறிந்துவிட்டு வெளியே வந்து, கொட்டுகிற மழையில் பேருந்துக்கு ஓடினார்.

அவர் போய்ச் சேர்ந்தபோது ஆலங்கொல்லை வெள்ளக்காடாகக் கிடந்தது. ஈஸ்வரி தன் சேலைகளையும், பாய்களையும், யாரோ காதுகுத்துக்கு வைத்திருந்த ஃபிளெக்ஸ் பேனரையும் நெல் மேல் போர்த்தி, காற்று தூக்காமல் இருக்க அந்த பேனர் மேலேயே குப்புறப் படுத்துக் கிடந்தாள். நிலையத்துக்குள் தார்ப்பாய்கள் நனையாமல் பத்திரமாக இருந்தன. கொடுத்துவிட்டால் வேலை போய்விடும் என்று சிங்காரவேலு கதவோரம் நின்று கையைப் பிசைந்துகொண்டிருந்தார். பஞ்சநதமும் இன்னொரு பக்கம் பேனரைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார். இருவரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொள்ளவில்லை.

மழை விட்டதும் நெல்லைக் காலால் துழாவித் துழாவிக் காயப்போட்டார்கள். காய்வதற்குள் மறுபடி பெய்தது. அள்ளினார்கள்; விரித்தார்கள்; மறுபடி அள்ளினார்கள். பிறகு ஒருநாள் பஞ்சநதம் குவியலின் மேலடுக்குக்குள் கையை விட்டுப் பார்த்தார். உள்ளே சூடாக இருந்தது. புளித்த வாடை அடித்தது. கையில் வந்த ஒவ்வொரு நெல்லும் வெள்ளையாக மூக்கு நீட்டியிருந்தது. அவர் அப்படியே ஈரத் தரையில் உட்கார்ந்துவிட்டார். ஈஸ்வரிதான் வாய்விட்டு அழுதாள். வயிறெரிந்து, இன்னாரென்று பெயர் தெரியாத அத்தனை பேரையும் சபித்து அழுதாள்.

அதற்குப் பிறகும் தொடக்க விழாவுக்கு நல்ல நாள் பார்ப்பதற்குக் கொஞ்சம் தாமதமாயிற்று. ஏந்துபலகை ஆலங்கொல்லைக்கு வந்து சேர்ந்தபோது, குவியலின் மேல்பக்கம் முழுக்கப் பச்சைப் பசேலென்று ஆகியிருந்தது.

பலகை தனியாக வரவில்லை. பந்தல், மைக்செட், வரவேற்பு வளைவு, குழு முழுவதும் வந்தது. சிங்காரவேலு பஞ்சநதத்தைத் தனியே கூப்பிட்டார். குற்ற உணர்ச்சியில் ஆள் இளைத்திருந்தார்.

"அண்ணே, கவலப்படாதீங்க. மொதக் கொள்முதல் உங்க நெல்லுதான். கமிட்டி மெம்பராச்சே. மொளைச்சதத் தள்ளிட்டு, அடியில கெடக்குற நல்லதயாவது எடுத்துடச் சொல்லிக் கேட்டிருக்கேன். தலையாட்டியிருக்காரு. கோவப்பட்டு எதுவும் பேசிடாதீங்க, கெட்டுடும்."

அடியில் இருந்தது நிஜமாகவே தேறும். பாதி தேறினாலும் குத்தகை பாக்கியைக் கட்டி, அடுத்த போகத்துக்கு நிலத்தை விட்டுவிடாமல் தக்கவைத்துக்கொள்ளலாம். பஞ்சநதம் பல்லைக் கடித்துக்கொண்டு மேடையேறினார். ஈஸ்வரி குவியலை விட்டு நகரவில்லை.

"உங்க கையாலயே தொடங்கி வைங்க ஐயா," என்று பரணிதரன் பலகையை நீட்டினார். "என்ன பயிருன்னு அழுத்துங்க."

திரையில் சின்னதும் பெரியதுமாகப் பொத்தான்கள். குறுவை இருந்தது. சம்பா இருந்தது. கீழே கொஞ்சம் தள்ளி, தாளடி என்றும் ஒன்று இருந்தது. பஞ்சநதத்துக்கு உயிர் வந்தது. விரலைச் சட்டையில் துடைத்துக்கொண்டு தாளடியை அழுத்தினார்.

மேடை ஓரத்திலிருந்த பிரிண்டர் கர்ரென்று கிளம்பியது. ஒரு தாள் வந்தது. அதில் தலைவர் படம். இன்னொரு தாள் வந்தது. அதிலும் தலைவர் படம். பஞ்சநதம் பதறிப்போய் மறுபடி தாளடி, தாளடி என்று அழுத்த, தலைவர் தாள் தாளாகப் பறந்து மேடையெங்கும் விழுந்தார்.

"விடுங்க, விடுங்க! அது அச்சு எடுக்குற பொத்தான்!" என்று ஓடிவந்தார் இளஞ்செழியன். "தாள்ல அடிக்கிறது, தாளடி. நானே உருவாக்குன சொல்லு."

"சார், தாளடின்னா பயிரு சார்!"

"எந்தப் பயிரு?"

"குறுவை அறுத்த தாள மடக்கி உழுதுட்டு, அது மேல நடுற பயிரு. சுத்துவட்டாரம் முழுக்க இப்ப அறுத்துக் கெடக்கே, வர்ற வழியெல்லாம் பாத்துட்டு வந்திருப்பீங்களே, அதான்."

"அப்படியா?" இளஞ்செழியன் யோசித்தார். "சொல்லு ஏற்கெனவே புழக்கத்துல இருக்கா? அப்பச் சிக்கல்தான். பரவால்ல, பயிருக்கு வேற பேரு வச்சிடலாம்."

"அதெல்லாம் எதுக்கு?" என்று குறுக்கிட்டார் விஜயலட்சுமி. "பேரே சொல்ல வேண்டாம். படம் எடுத்தாப் போதும், அதுவே பாத்துச் சொல்லிடும். அதுக்குத்தானே அந்தப் பகுதிய வச்சோம்."

எல்லாரும் இறங்கிக் குவியலுக்குப் போனார்கள். விஜயலட்சுமி பலகையை ஏந்தினார். வட்டம் ஒன்று சுற்றிற்று. கூட்டம் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றது. பலகையிலிருந்து தேன் போன்ற ஒரு பெண்குரல் மைக்கில் ஒலித்தது:

"நாற்றங்கால். நல்ல வளர்ச்சி. அறுவடைக்குக் காலம் உள்ளது. கொள்முதல் செய்ய இயலாது."

பந்தலே அதிரும்படி குழு கைதட்டியது. இந்த விலையில் இவ்வளவு துல்லியமா என்று ஒருவரை ஒருவர் பார்த்துத் தலையாட்டிக்கொண்டார்கள்.

"சார், அடியில நல்ல நெல்லு இருக்கு சார்," என்றார் பஞ்சநதம். "தள்ளிக் காட்டுறேன், பாருங்க—"

"அத இனிமே நாங்க சொல்ல முடியாதுங்க. பலகை சொல்லிடுச்சு," என்றார் பரணிதரன். எல்லாரும் மேடைக்குத் திரும்பி, மேஜையில் விரித்திருந்த வெள்ளைத் துணியின் மேல் பலகையை வைத்ததும் அவர் மைக்கைப் பிடித்தார். "மாசி மாசத்துலயே, வயல் இல்லாம, சேறு இல்லாம, வெறும் கட்டாந்தரையில நாத்து விட்டுக் காட்டியிருக்காரு நம்ம பஞ்சநதம்! எல்லாரும் குறுவைக்குத் தண்ணி எப்ப வரும்னு காத்துக்கிட்டிருக்க, இவரு முந்திக்கிட்டாரு! முகமையோட முதல் முன்னோடி விவசாயி விருத இவருக்கு அறிவிக்கிறதுல பெருமைப்படுறேன்."

பொன்னாடை மறுபடி வந்தது. தோளில் விழுந்ததைத் தட்டிவிடக்கூடப் பஞ்சநதத்துக்குத் தோன்றவில்லை. மரம் மாதிரி நின்றார்.

குவியலோரத்தில் ஈஸ்வரி சேலையைத் தூக்கிச் செருகினாள். குனிந்தாள். நாற்றங்காலில் பறிக்கிற அதே கையால், முளைத்து மண்டிக் கிடந்த பயிரைப் பிடிபிடியாகப் பறித்தாள். வேரோடு வேர் பின்னி, நல்ல நெல்லும் கெட்ட நெல்லுமாகச் சேர்ந்து வந்தது. பழக்க தோஷத்தில் காலில் ஒரு தட்டுத் தட்டி, வைக்கோலால் முடி கட்டினாள். நேராக மேடையேறி, ஈரம் சொட்டச் சொட்ட அந்த நாற்றுமுடியைப் பரணிதரனுக்கு முன்னால், வெள்ளைத் துணியின் மேல், பலகை மேலேயே வைத்தாள்.

"நாத்துப் பறிச்சாச்சு," என்றாள். மைக் பக்கத்தில் இருந்ததால் ஊருக்கே கேட்டது. "குத்தகை பாக்கின்னு நெலத்துக்காரரு நெலத்தத் திருப்பிக் கேட்டு ஆளனுப்பிட்டாரு. இத எங்க கொண்டுபோயி நடுறதுன்னு உங்க சிலேட்டக் கேட்டுச் சொல்லுங்க."

சிங்காரவேலு தலையைக் குனிந்துகொண்டார். பரணிதரன் விஜயலட்சுமியைப் பார்த்தார். விஜயலட்சுமி நாற்றுமுடியை ஓரமாக நகர்த்தினார். சேற்றையும் ஈரத்தையும் கைக்குட்டையால் துடைத்தார். பிறகு உண்மையாகவே பலகையைத் தடவித் தேட ஆரம்பித்தார். குழு முழுவதும் எட்டிப் பார்த்தபடி அதன் பதிலுக்குக் காத்திருந்தது.